முழங்கால் உயரத்தில் நின்ற ஷட்டர்

2024 செப்டம்பரில் ஒரு விடிகாலை. பால் வாங்கப் போவதற்காக அம்மா ஷட்டரைத் தூக்கினாள். முழங்கால் உயரம் வரை வந்து நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்திருக்கிறாள். ஷட்டர் அசையவில்லை. வலது தோளில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் அவளால் கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை, நான்தான் வாரிவிட்டேன். ஒவ்வொரு நாளும் சீப்பைக் கையில் எடுக்கும்போது மனசு குமைந்தது. அந்த ஷட்டர் ஏழெட்டு மாதமாகவே மக்கர் செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் இருக்கிறது. கீழே முழுக்க கார் ஷெட், மாடியில் வீடு. மாடிப்படி ஷெட்டுக்குள்ளேதான் இறங்குகிறது. அதனால் ஒன்பதடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட அந்த ரோலிங் ஷட்டர்தான் எங்களுக்குத் தலைவாசல். காரும் ஸ்கூட்டரும் மட்டுமல்ல, பால்காரர், கேஸ் சிலிண்டர், கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறவர்கள் எல்லாருமே அதன் வழியாகத்தான் வரவேண்டும். 2009-இல் அப்பா இருந்தபோது போட்டது. பதினெட்டு கேஜ் தகடு, கனம் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மூன்று அங்குலப் பட்டைகள் முப்பதுக்கு மேல். ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் சுருட்டி வளைக்கப்பட்டு அடுத்த பட்டையின் விளிம்போடு கோத்திருக்கும். மொத்த எடை 90 கிலோவுக்குக் கிட்டே வரும்.

90 கிலோவை எழுபது வயதுப் பெண் தினமும் தூக்கினாள் என்றால் அதற்குக் காரணம் மேலே உள்ள ஸ்பிரிங். வாசலுக்கு மேலே குறுக்காக ஒரு பைப் இருக்கிறது. இரண்டு பக்கச் சுவரிலும் பிராக்கெட் வைத்து, யு வடிவ போல்ட்டால் அதை இறுக்கியிருப்பார்கள். பைப் சுற்றாது. அதன்மேல் மாட்டிய சக்கரங்கள்தான் சுற்றும். ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்பில், மறுமுனை சக்கரத்தில். ஷட்டரை இறக்க இறக்கத் தொங்கும் எடை கூடும், ஸ்பிரிங்கும் முறுக்கேறிக்கொண்டே போகும். தூக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து எடையைத் தாங்கிக்கொள்ளும். நம் கை செய்வது ஒரு தள்ளுதல் மட்டும்தான். நல்ல நிலையில் உள்ள ஷட்டரைப் பாதி வரை தூக்கிக் கையை எடுத்தால் அப்படியே நிற்கவேண்டும். தானாகக் கீழே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, விருட்டென்று மேலே ஓடினால் முறுக்கு அதிகம். எங்கள் ஷட்டர் பாதியில் நின்றது. ஆகவே ஸ்பிரிங் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் அது எதிலோ சிக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. தாங்கி நிற்பதற்கும் சிக்கி நிற்பதற்கும் வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

இது தொடங்கியது 2023 டிசம்பர் வெள்ளத்தில். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. எங்கள் தெருவில் இரண்டரை அடி தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. வடிந்த பிறகு கழுவினோம், கழுவினோம், கழுவிக்கொண்டே இருந்தோம். ஃப்ரிட்ஜைத் திறந்து காயவைத்தோம், அப்பாவின் புத்தகங்களை மொட்டைமாடியில் பரப்பினோம், கார் இன்ஜினைப் பிரித்தோம். ஷட்டரை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. வெளிப்பக்கம் ஹோஸ் வைத்து அடித்ததோடு சரி. கதவுதானே, நனைந்தால் காய்ந்துவிடும் என்ற நினைப்பு.

பொங்கல் கழிந்து ஒரு மாதத்தில் சத்தம் வர ஆரம்பித்தது. 'கிறீச்' என்று ஒரு இழுவை. அம்மா தேங்காய் எண்ணெய் விட்டாள், ஒரு வாரம் சத்தமில்லை. மறுபடி வந்தது. நான் மெக்கானிக் கடையில் ஒரு டப்பா கிரீஸ் வாங்கி, இரண்டு பக்கமும் ஷட்டர் ஓடும் கைடு சேனலுக்குள் குச்சியால் அப்பினேன். இரண்டு வாரம் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆனி பிறந்து கச்சான் காற்று வீச ஆரம்பித்ததும் தெருப்புழுதி முழுக்க வந்து அந்தக் கிரீஸில் அப்பிக்கொண்டது. தம்பி டபிள்யூடி-40 அடித்தான், அதற்குப் பத்து நாள் பலன். ஒவ்வொரு முறையும் ஓடிய நாள்கள் குறைந்தன. நின்ற இடத்தில் இன்னும் பலமாக நின்றது. கடைசியில் அம்மாவின் தோள்.

அம்மாவுக்குக் கொஞ்சம் தேறியதும் ஷட்டர் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர். முப்பத்தைந்து வருஷமாக இந்த வேலைதான். வந்தவர் பையைக்கூட இறக்கவில்லை.

"எத்தனை இடத்துலம்மா நிக்கிது?"

"ரெண்டு இடம் அண்ணாச்சி. முழங்கால் உயரத்துல ஒண்ணு. அதைத் தாண்டிட்டா தலை உயரத்துல இன்னொண்ணு."

"தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?"

சுவரில் இன்னும் அழியாமல் இருந்த கறையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என்னை ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டு, தான் ஷட்டரைத் தொடாமல் கைடு பக்கத்தில் காதை வைத்து நின்றார். பிறகு செல்போன் விளக்கை அடித்து, கைடுக்குள் கீழிருந்து மேலாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார். வலது கைடில் ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்டினார். மற்ற இடமெல்லாம் கறுப்பாகவோ துருவாகவோ இருக்க, அங்கே மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு புதுக் காசு மாதிரி பளபளத்தது. உரசுகிற இடம் அதுதான். எட்டு மாதமாக அது அங்கேயே மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் எங்கே எண்ணெய் விடலாம் என்றுதான். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

அப்புறம் டேப்பை எடுத்து இரண்டு கைடுகளுக்கும் இடையே அளந்தார். மேலே ஓர் அளவு, இடுப்பு உயரத்தில் ஓர் அளவு, முழங்கால் உயரத்தில் ஓர் அளவு. மேலே இரண்டும் ஒன்றாக இருந்தன. முழங்கால் உயரத்தில் மட்டும் கால் அங்குலம் குறைந்தது. கைடைச் சுவரோடு பிடித்துவைக்கிற இரும்புக் கொக்கி அந்த உயரத்தில்தான் சுவருக்குள் போகிறது. வெள்ளத்தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் இறங்கி, கொக்கி துருப்பிடித்து, துரு உப்பி, கைடை உள்பக்கமாகத் தள்ளியிருக்கிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் பல மடங்கு அதிகம் வேண்டும். நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் கம்பி துருப்பிடித்துச் சீலிங் பெயர்ந்து விழுவதும் இதே காரணத்தால்தான். மெல்லிய பட்டைகள் அந்த நெருக்கத்தில் எப்படியோ வளைந்து நுழைந்துவிட்டன. அடியில் உள்ள கனமான தகடு வளையாது. தரையிலிருந்து ஒன்றரை அடி ஏறி அந்த இடத்துக்கு வந்ததும் ஆப்பு அடித்த மாதிரி சிக்கிக்கொண்டது.

சரி, தலை உயரத்தில் ஏன்? எனக்கு விளங்காமல் இருந்ததே அதுதான். தண்ணீர் நின்றது இரண்டரை அடி. ஐந்தரை அடி உயரத்தில் சிக்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. அடிப்பட்டைகளில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பார்க்கச் சொன்னார். மடங்கவில்லை. மேலே எட்டாவது ஒன்பதாவது பட்டையும் அப்படித்தான். பதினைந்தாவது பட்டை பாய் மாதிரி மடங்கியது. அப்போதுதான் புரிந்தது. தண்ணீரில் ஊறிய பத்துப் பட்டைகளும் கோத்த இடத்தில் துருவேறி ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாகிவிட்டன. ஷட்டர் ஏறும்போது மேல்பட்டைகள் முதலில் சுருளும், அடிப்பட்டைகள் கடைசியில்தான் சுருளுக்கு வந்து சேரும். அந்தப் பத்தும் மேலே போய்ச் சேருகிற நேரத்தில் ஷட்டரின் அடி நம் தலை உயரத்தில் இருக்கும். வளையவேண்டிய இடத்தில் பலகை வளையுமா? நின்றுவிடுகிறது. கோளாறு கீழே, அது தெரிவது மேலே. நான் இத்தனை நாளும் தலை உயரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த உயரத்துக் கைடில் கிரீஸ் அப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிரீஸை அவர் விரலில் எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். நறநறவென்றது. "இது கிரீஸ் இல்லம்மா, உப்புத்தாளு" என்றார். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் தேய்க்கிற மருந்துதான். அம்மா விட்ட தேங்காய் எண்ணெயிலும் புழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டபிள்யூடி-40 பற்றி நானே பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவாக்கியது. தண்ணீரை விரட்டித் துருவைத் தடுக்கத்தான் முதலில் செய்தார்கள். தண்ணீரை விரட்டுவது என்பதுதான் பெயரில் உள்ள இரண்டு எழுத்துக்கும் பொருள். நாற்பதாவது முயற்சியில் கிடைத்ததால் 40. இறுகிய இடத்தை இளக்குவதற்கு அருமையான சரக்கு. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், நின்று வழுக்கிக் கொடுக்காது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாங்கள்தான் தவறான வேலைக்குப் பயன்படுத்தினோம்.

வேலை இரண்டு நாள் நடந்தது. முதலில் ஷட்டருக்கு அடியில் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்தார். வலது கைடைக் கழற்றிக் கீழே படுக்கவைத்து, பழைய ஹாக்ஸா பிளேடால் உள்ளே சுரண்டினார். அடியிலிருந்து இரண்டரை அடி வரை காய்ந்த வண்டல் வில்லை வில்லையாக வந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பட்டையின் வளைவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. இன்னொரு பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தைக்கூடு. எந்தக் குளத்திலிருந்து வந்ததோ. பத்து மாதம் எங்கள் வாசற்கதவுக்குள் இருந்திருக்கிறது.

அடியிலிருந்து நான்கு பட்டைகள் தேறவில்லை. ஓரங்களில் சல்லடையாகிவிட்டன. அடித்தகடும் போச்சு. பட்டைகளைப் பக்கவாட்டில் உருவி எடுத்துப் புதியதைக் கோத்தார். மீதி ஆறு பட்டைகளின் இணைப்புகளில் மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷால் ஊறவிட்டு இரவு முழுக்க விட்டுவைத்தோம். கதவில்லாத வீடு, அதனால் நானும் தம்பியும் ஷெட்டிலேயே பாய் விரித்துப் படுத்தோம். காலையில் அண்ணாச்சி வந்து ஒவ்வோர் இணைப்பையும் கையால் மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உயிர் கொடுத்தார். ஓர் இணைப்புக்கு அரைமணி நேரம்கூட ஆனது. சுத்தியல் எடுக்கவே இல்லை. சுத்தியலால் தட்டினால் கோத்த விளிம்பு நசுங்கிவிடும், அப்புறம் அந்தப் பட்டை ஆயுளுக்கும் மடங்காது என்றார்.

பட்டைகளின் முனையில் எண்ட் லாக் என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு ரிவிட் அடித்திருக்கும். பட்டை பக்கவாட்டில் நகராமல் காப்பது அதுதான். எங்களுடையதில் மூன்று உடைந்திருந்தன. அதனால் பட்டைகள் வலப்பக்கமாக நகர்ந்து கைடைக் கீறிக்கொண்டே ஓடியிருக்கின்றன. விலை அற்பம். ஆனால் அது உடைந்தது தெரியாமல் ஓட்டினால் பட்டையும் போகும், கைடும் போகும். உங்கள் ஷட்டரை இறக்கிவைத்து ஓரத்தைப் பாருங்கள். பட்டைகளின் முனைகள் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். ஏதாவது ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தால் எண்ட் லாக் போயிருக்கிறது என்று அர்த்தம்.

சுவரைக் கொத்தித் துருப்பிடித்த கொக்கியை எடுத்துவிட்டுப் புதியது வைத்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, கைடைத் திரும்ப மாட்டினார். கடைசியாகத்தான் ஸ்பிரிங். அந்த வேலைக்கு மட்டும் எங்களைத் தெருப்பக்கம் போகச் சொல்லிவிட்டார். பெரிய பைப் ரிஞ்சைப் பைப்பில் மாட்டி அவர் உடம்பு எடை முழுவதையும் கொடுத்துப் பிடித்துக்கொள்ள, உதவிக்கு வந்த பையன் யு போல்ட்டைத் தளர்த்தினான். ஒரு சுற்று ஏற்றி மறுபடி இறுக்கினார்கள். அந்த ஒரு நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. ரிஞ்ச் கைதவறினால் பைப் பம்பரம்போல் சுற்றும். அண்ணாச்சியின் இடது கையில் இரண்டு விரல்கள் நிமிராது. இளவயதில் நடந்தது என்று மட்டும் சொன்னார். இதைப் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: துடையுங்கள், சுரண்டுங்கள், பெயிண்ட் அடியுங்கள், ஆனால் மேலே உள்ள அந்த போல்ட்டை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது.

மோட்டார் போட்டுவிடலாமா என்று தம்பி கேட்டான். பட்டனைத் தட்டினால் போதும், அம்மாவுக்குச் சிரமம் இருக்காதே என்பது அவன் கவலை. அண்ணாச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. "போடுங்க. ஆனா கைக்கு லேசா ஓடுற ஷட்டருக்குத்தான் மோட்டார் போடணும். சிக்குதுன்னா கை நின்னுரும், மோட்டாருக்குத் தெரியாது. தகடு மடங்குற வரைக்கும் இழுக்கும்" என்றார். மோட்டாரை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். மொத்தச் செலவு 5,800 ரூபாய். புது ஷட்டர் என்றால் இதைப்போலப் பல மடங்கு ஆகியிருக்கும்.

2024 ஆயுத பூஜை அக்டோபர் 11. அதற்கு முதல் நாள் வேலை முடிந்தது. அம்மா இடது கையால் ஷட்டரைத் தூக்கினாள். முழங்கால் உயரத்தைத் தாண்டியது, தலை உயரத்தைத் தாண்டியது, மேலே போய் 'டொக்' என்று உட்கார்ந்தது. இறக்கினாள். மறுபடி தூக்கினாள். நான்கைந்து தடவை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மறுநாள் சந்தனம் குங்குமம் வைக்கும்போது முதல் பொட்டு ஷட்டருக்கு.

அதற்குப் பிறகு நாங்கள் செய்துவருவது கொஞ்சம்தான். மாதம் ஒருமுறை பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் கைடுக்குள் மேலிருந்து கீழாகக் கூட்டிவிடுகிறோம். கைடின் அடிமுனையில் சேரும் மண்ணை முள்கரண்டியால் தோண்டி எடுக்கிறேன். தண்ணீர் தேங்குவதும் துரு தொடங்குவதும் அங்கேதான். கிரீஸும் எண்ணெயும் கைடுக்குள் அறவே கிடையாது. மெழுகுவத்தியை எடுத்துப் பட்டை உரசும் இரண்டு விளிம்பிலும் அழுத்தித் தேய்த்தால் போதும். வழுக்கும், புழுதி ஒட்டாது. சிலிக்கான் ஸ்பிரேயும் நல்லதுதான். பூட்டுக்கும் எண்ணெய் விடக்கூடாது என்று அண்ணாச்சி சொன்னார். பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கரியைச் சாவியில் தடவி நாலைந்து முறை திருப்பினால் பூட்டு லேசாகிவிடுகிறது. அம்மாவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் உள்ள அத்தனை பூட்டுக்கும் செய்துவிட்டாள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. இரும்பில் தண்ணீர் படக்கூடாது என்று பயந்து முன்பெல்லாம் நாங்கள் ஷட்டரை வழக்கமாகக் கழுவியதில்லை. அது தப்பு. உப்புக்காற்றில் படியும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீர்விட்டுக் கரைய ஆரம்பிக்கும். உப்பு ஜாடியில் நாம் பார்ப்பதுதான். எங்கள் ஊரில் விடிகாலையில் அந்த ஈரம் பல நாள்களில் இருக்கும். அப்படியென்றால் மழையே இல்லாத நாளிலும் ஷட்டர்மேல் உப்புத்தண்ணீர் பூசியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவிடுவதுதான் பாதுகாப்பு. பெயிண்ட் அடிப்பதானால் உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதன்மேல் எனாமல். இணைப்புகளில் பெயிண்ட் தேங்கவிடாதீர்கள், காய்ந்தால் கோந்து போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுருட்டவேண்டும்.

முக்கியமாக, ஷட்டர் தினமும் ஓடவேண்டும். 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து பூட்டிக்கிடந்த கடைகளைத் திறந்தபோது, தன் வாழ்நாளில் அவ்வளவு பேர் ஒரே வாரத்தில் கூப்பிட்டதில்லை என்றார் அண்ணாச்சி. எல்லாமே அசையாமல் கிடந்து இறுகிய ஷட்டர்கள். வெளியூர் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, வாரம் ஒருமுறை ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டுப் போகலாம்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் சுத்தம் செய்தபோது, ஷட்டர் ஏறுகையில் இடப்பக்கம் ஓரிடத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சிக்கவில்லை, கையில் எடையும் தெரியவில்லை. வெறும் சத்தம்தான். இறக்கிவைத்துவிட்டு ஓரத்தைப் பார்த்தேன். அடியிலிருந்து ஏழாவது பட்டை ஒரு நூல் அளவு வெளியே தள்ளியிருந்தது. விரலால் தொட்டால் ரிவிட் ஆடியது. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அம்மா பழக்கத்தில் தூக்கிவிடக்கூடாதே என்று கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்திருக்கிறேன்.